பதினாலு நிமிஷக் கொசுறு

எனக்கு என் ஓரகத்தியின் மேல் பொறாமை. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது. கொழுந்தன் அவளைக் கட்டிக்கொண்டு வந்து பதினோரு வருடம் ஆகிறது. அதில் ஒரு நாளாவது வயிறு எரியாமல் தூங்கினேனா என்று கேட்டால், காய்ச்சலில் படுத்த இரண்டு மூன்று நாள் ஒருவேளை தூங்கியிருப்பேன்.

அவர்கள் மாடியில், நாங்கள் கீழே. இரண்டு குடும்பத்துக்கும் ஒரே வாசல், ஒரே தண்ணீர்த் தொட்டி. அவளுக்குப் பிள்ளை இல்லை. அதை வைத்து நான் ஒரு வார்த்தை குத்திப் பேசியதில்லை. அந்த அளவுக்கு நான் கேடுகெட்டவள் இல்லை. ஆனால் எனக்கு இருப்பது ஒரே மகள், அவளையும் மாடிக்கு இழுத்துக்கொண்டாள் பாருங்கள், அதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து வந்தால் சித்தி, பரீட்சை முடிந்தால் சித்தி, புதுச் செருப்பு வாங்கினால் முதலில் சித்தியிடம்தான் காட்ட வேண்டும். நான் கேட்டால், "அதான் காலைலயே சொன்னேனே" என்பாள். எந்தக் காலையில் என்னிடம் சொன்னாளோ!

சரி, என் வேலையைச் சொல்கிறேன். நகரப் பேருந்துக் கழகத்தில் கால அட்டவணை போடுகிறவள் நான். இருபத்திரண்டு வருடமாக அதே நாற்காலி, ஜன்னலுக்குக் கீழே அதே பணிமனை, அதே டீசல் வாடை. எங்கள் ஊரில் எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பும், எத்தனை மணிக்குப் போய்ச் சேரும் என்பதெல்லாம் என் கை வழியாகத்தான் அச்சுக்குப் போகிறது. நிறுத்தங்களில் ஒட்டியிருக்கும் பச்சைத் தாள் என்னுடையது. அதில் பெயர் போட மாட்டார்கள், அது வேறு விஷயம்.

அட்டவணை போடுகிறவர்களுக்குள் ஒரு பழக்கம் உண்டு. வண்டிக்கு நிஜமாக ஆகும் நேரத்தை யாரும் அச்சில் போட மாட்டோம். கூடக் கொஞ்சம் சேர்த்துத்தான் போடுவோம். மழை வரும், மாடு குறுக்கே வரும், சில்லறைக்கு ஒரு பயணி சண்டை போடுவார். அதற்கெல்லாம் சேர்த்து இரண்டு நிமிஷம், மூன்று நிமிஷம். அலுவலகத்தில் அதற்குக் கொசுறு என்று பெயர். கடையில் காய் வாங்கினால் கறிவேப்பிலை போடுவார்களே, அந்த மாதிரி.

ஒன்பதாம் நம்பர் வண்டிக்கு மட்டும் கொசுறு பதினாலு நிமிஷம். ரயில் நிலையத்திலிருந்து ஆற்றைத் தாண்டி, மூடிப்போன கண்ணாடித் தொழிற்சாலை வரைக்கும் போகிற வண்டி அது. ஆற்றுப் பாலத்தை இடித்துக் கட்டிய நான்கு வருடம் வண்டி ஊரைச் சுற்றிக்கொண்டு போனது. அப்போது நாற்பது நிமிஷம் என்று போட்டேன். புதுப் பாலம் திறந்து மூன்று வருடம் ஆகிறது. இப்போது வண்டி இருபத்தாறு நிமிஷத்தில் போய் நிற்கிறது. அச்சில் மட்டும் இன்னும் நாற்பது.

ஏன் மாற்றவில்லை என்று கேட்பீர்கள். ஓட்டுநர்களுக்குக் கடைசி நிறுத்தத்தில் காலை நீட்டி டீ குடிக்க நேரம் கிடைத்தது, அவர்கள் மாற்ற விடவில்லை. கழகத்துக்கு நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு வண்டி நேரத்துக்கு வந்ததாக அறிக்கை போனது, மேலதிகாரிக்கு மாற்ற மனசில்லை. அந்த அறிக்கைக்காக எனக்கு ஒரு பாராட்டுச் சான்றிதழ் கொடுத்துச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினார்கள், எனக்கும் மனசில்லை. ஊரில் பஸ்ஸில் போகிற அத்தனை பேருக்கும் தெரியும், நாற்பது என்றால் இருபத்தாறு என்று. வெளியூர்க்காரர்களுக்குத்தான் தெரியாது. பஸ்ஸில் ஏறாதவர்களுக்கும் தெரியாது.

என் ஓரகத்தி பஸ்ஸில் ஏறமாட்டாள். அவளுக்கு வெள்ளைக் கார் இருக்கிறது. என் மகளும் எங்கே போனாலும் அதில்தான் போவாள்.

போன வருடம் ஒரு செய்தி வந்தது. உலகம் முழுக்கக் கிளை வைத்திருக்கிற ஒரு பெரிய கம்பெனி தன் தலைமை அலுவலகத்தைப் பெருநகரத்திலிருந்து எடுத்து நடுத்தரமான ஒரு ஊரில் வைக்கப் போகிறதாம். ஐயாயிரம் பேருக்கு வேலையாம். பதினாறு ஊர்கள் விண்ணப்பம் போட்டன. எங்கள் ஊரும் போட்டது. முதலில் எல்லோரும் சிரித்தார்கள். முடிவெட்டும் கடையில், "நம்ம ஊருக்கா? நம்ம ஊருக்கு ஒரு நல்ல லிஃப்ட் ரிப்பேர்காரனே வரமாட்டேங்குறான், இதுல ஹெட் ஆபீஸ் வருதாம்" என்று பேசிக்கொண்டார்களாம். பதினாறு ஊர் ஆறாகி, ஆறு மூன்றானது. மூன்றில் நாங்களும் இருந்தோம். அதற்கப்புறம் ஒருவரும் சிரிக்கவில்லை.

என் வீட்டில் இது வேறு விஷயம். மகள் கணக்கியல் படித்து முடித்து ஏழு மாதமாகிறது. அவளோடு படித்தவர்கள் ஒவ்வொருத்தராக மூட்டை கட்டிக் கிளம்பிவிட்டார்கள். ஒரு நாள் துணி மடித்துக்கொண்டே அவள் சொன்னாள், "அம்மா, அந்தக் கம்பெனி வந்தா நான் எங்கயும் போகல. இங்கயே இருந்துடுவேன். வரலைன்னா என்னைத் தடுக்காத, சரியா?"

"வரும், வரும்" என்றேன்.

"எப்படி அவ்ளோ உறுதியா சொல்ற?"

"நீ போகக்கூடாதுன்னுதான்டி சொல்றேன், வேற எப்படி" என்றேன். அவள் சிரித்துவிட்டு மாடிக்குப் போய்விட்டாள்.

ஆகவே எனக்கு அந்தக் கம்பெனி வர வேண்டும். ஊரில் வேறு யாரையும்விட எனக்கு வர வேண்டும். இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொண்டு மேலே கேளுங்கள்.

மேயர் ஒரு குழு அமைத்தார். குழுவுக்குத் தலைவி யார்? வேறு யார், என் ஓரகத்திதான். அவள் விளம்பர நிறுவனம் ஒன்று நடத்துகிறாள், நாலு பேர் முன்னால் நின்று நாக்குழறாமல் பேசுவாள். குழுவில் பன்னிரண்டு பேர். வங்கிக்காரர், ஓட்டல்காரர், கல்லூரி முதல்வர், யார் யாரோ. போக்குவரத்துக்கு என்று ஒரு ஆள் கிடையாது. இருபத்திரண்டு வருடமாக ஊரின் வண்டிகளை ஓட வைக்கிற ஒருத்தி கீழ்வீட்டிலேயே இருக்கிறாள், ஒரு வார்த்தை ஓரகத்தி சொல்லியிருந்தால் மேயர் மாட்டேன் என்றிருப்பாரா? சொல்லவில்லை. அவளுக்குத் தோன்றவே இல்லை. வேண்டுமென்றே செய்திருந்தால்கூட இவ்வளவு எரிந்திருக்காது.

செய்தித்தாளில் அவள் படம் வந்தது. 'நம் நகரத்தின் முகம்' என்று கீழே எழுதியிருந்தார்கள். என் வீட்டுக்காரர் அதை வெட்டி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினார். தம்பி பெண்டாட்டி என்றால் இவருக்கு வாயெல்லாம் பல். என் சான்றிதழ் வந்த அன்று, "சட்டம் நல்லா இருக்கு" என்றவர் இவர்.

மகளோ குழுவுக்குச் சம்பளமில்லாத வேலைக்காரி ஆகிவிட்டாள். நாள் முழுக்க மாடியில்தான். திரையில் காட்டுகிற படங்கள், வரைபடங்கள் எல்லாம் அவள் செய்தாள். சாப்பாடும் அங்கேயே. நான் தட்டு வைத்துக்கொண்டு கீழே உட்கார்ந்திருப்பேன். மேலே இரண்டு பேரும் சிரிக்கிற சத்தம் கேட்கும். அப்படி என்னதான் சிரிப்பு என்று படியேறிப் போனால், "ஒண்ணுமில்லம்மா, உனக்குச் சொன்னா புரியாது" என்பாள்.

கம்பெனி அனுப்பிய கேள்வித்தாளில் நாற்பத்தொரு கேள்வி. அதில் பதினேழாவது கேள்வி: ரயில் நிலையத்திலிருந்து அலுவலகம் அமையப்போகும் இடத்துக்குக் காலை ஒன்பது மணிக்குப் பேருந்தில் எத்தனை நிமிடம்? அந்த இடம் கண்ணாடித் தொழிற்சாலை நிலம். அப்படியென்றால் ஒன்பதாம் நம்பர் வண்டி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணி இருக்கும். நான் சமையலறையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தேன். ஓரகத்தி பச்சைத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு உள்ளே வந்தாள். பின்னால் என் மகள், அவள் தோளில் தாடையை வைத்துக்கொண்டு. பெற்ற என் தோளில் அப்படி ஒரு நாள் வைத்ததில்லை.

"அக்கா, ஒரு சின்ன சந்தேகம். ஒன்பதாம் நம்பர் நாப்பது நிமிஷம்னு போட்டிருக்கு. அது சரிதானே?"

உண்மை நாக்கு நுனியில் இருந்தது. இருபத்தாறு, கொசுறைக் கழித்துக்கொள் என்று ஒரு வரி. அந்த நேரம் பார்த்து என் மகள் சொன்னாள், "சித்தி, அம்மாகிட்ட எதுக்குக் கேக்குறீங்க? அச்சுல போட்டிருக்கில்ல, அம்மா அதைத்தான் சொல்லுவாங்க."

"அச்சுல என்ன இருக்கோ அதுதான்" என்றேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பாத்திரத்தை இன்னும் இரண்டு தேய் தேய்த்தேன்.

"தேங்க்ஸ் அக்கா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நான் ஊரைக் கெடுக்க நினைக்கவில்லை. அப்படி நினைத்துவிடாதீர்கள். என் கணக்கு வேறு. கம்பெனிக்காரர்கள் நேரில் வருவார்கள். திரையில் நாற்பது நிமிஷம் என்று வரும். அவர்கள் முகம் சுளித்து, 'ஏன் இவ்வளவு நேரம்?' என்பார்கள். என் ஓரகத்தி திருதிருவென்று விழிப்பாள். மேயர் வியர்ப்பார். அப்போது நான் எழுந்து நிற்பேன். 'மன்னிக்கணும், அது இருபத்தாறு நிமிஷம்தான், இதோ மூணு வருஷத்துக் கணக்கு' என்று என் நோட்டை நீட்டுவேன். ஓட்டுநர்கள் கடைசி நிறுத்தத்தில் சொல்கிற நிஜ நேரத்தை எல்லாம் தேதி வாரியாக நான் எழுதி வைத்திருக்கிற நோட்டு. மண்டபமே என்னைப் பார்க்கும். என் மகளும் பார்ப்பாள். அதற்கு அந்த நாற்பது நிமிஷம் அப்படியே இருக்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

எத்தனை தடவை கண்ணாடி முன்னால் நின்று அந்த வரியைச் சொல்லிப் பார்த்தேன் தெரியுமா? 'மன்னிக்கணும்' என்பதா, 'ஒரு நிமிஷம்' என்பதா என்று மட்டும் இரண்டு நாள் யோசித்தேன்.

அவர்கள் வந்த நாள், மாநகராட்சி மண்டபத்தில் எல்லாத் துறைக்காரர்களும் இருக்க வேண்டும் என்று உத்தரவு. மூன்றாவது வரிசையில் எனக்கு இடம் கிடைத்தது. பையில் நோட்டு. கம்பெனியிலிருந்து மூன்று பேர். தலைமை தாங்கி வந்தது ஒரு அம்மாள், நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியிருந்தார், கழுத்தில் கண்ணாடியைக் கயிற்றில் மாட்டியிருந்தார். அதிகம் பேசவில்லை. எதைச் சொன்னாலும் தலையை ஆட்டிவிட்டு எழுதிக்கொண்டார்.

என் ஓரகத்தி மேடையேறினாள். பொய் சொல்ல மாட்டேன், நன்றாகப் பேசினாள். நம் ஊர் பெரிய ஊர் என்று அவள் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. 'இங்கே வந்தால் உங்கள் ஆட்கள் மாலை ஆறரைக்கு வீட்டில் இருப்பார்கள், பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிடுவார்கள்' என்றாள். எனக்கே ஒரு கணம் இந்த ஊருக்குக் குடிவரலாம் போலத் தோன்றியது. பக்கத்தில் நின்று படங்களை மாற்றிக்கொண்டிருந்த என் மகள் அவளையே கண் கொட்டாமல் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு நான் என்ன வேண்டுமானாலும் கொடுப்பேன்.

போக்குவரத்துப் படம் வந்தது. ஒன்பதாம் எண் பேருந்து, நாற்பது நிமிடம். பையின் வாயைத் திறந்து நோட்டில் கை வைத்துக்கொண்டேன். அந்த அம்மாள் கண்ணாடியை எடுத்து மூக்கில் மாட்டினார். திரையைப் பார்த்தார். ஏதோ எழுதினார். கண்ணாடியைக் கழற்றினார்.

"அடுத்தது?" என்றார்.

அவ்வளவுதான். கேள்வியே வரவில்லை! தண்ணீரைப் பற்றிக் கேட்டார்கள், பள்ளிக்கூடங்களைப் பற்றிக் கேட்டார்கள், மின்வெட்டைப் பற்றி ஓட்டல்காரரைப் போட்டுக் குடைந்தார்கள். பஸ்ஸைப் பற்றி மூச்! கேட்டால்தானே நான் எழுந்திருக்க முடியும்? கேட்காத கேள்விக்கு எழுந்து நின்றால் பைத்தியக்காரி என்பார்கள். உட்கார்ந்தே இருந்தேன்.

எல்லாம் முடிந்து கலைந்தார்கள். வாசலில் வேன் நின்றது. அந்த அம்மாள் மட்டும் முன்னாலேயே வந்து வேன் பக்கத்தில் தனியாக நின்றுகொண்டிருந்தார். கூட வந்த இருவர் உள்ளே மேயரிடம் மாட்டிக்கொண்டிருந்தார்கள். என் கால் என்னைக் கேட்காமல் அவரிடம் போனது. இப்போது நினைத்தாலும் அந்த அஞ்சு நிமிஷம்தான் எனக்குத் தூக்கத்தைக் கெடுக்கிறது. மண்டபம் வேண்டாம், கைதட்டல் வேண்டாம், விஷயத்தைச் சொல்லிவிடலாம் என்றுதான் போனேன். சத்தியமாக.

"வணக்கம் மேடம். நான் பஸ் கம்பெனியில டைம் டேபிள் போடுறவ."

"அப்படியா, ரொம்ப சந்தோஷம்" என்றார் அவர். முகத்தில் நல்ல சிரிப்பு. "உங்க ஊர்க்காரங்க நல்லா உழைச்சிருக்காங்க."

நான் பைக்குள் கையை விட்டேன். அதற்குள் அவர் மண்டபத்து வாசல் பக்கம் பார்த்தார். படியில் என் ஓரகத்தியும் என் மகளும் நின்றிருந்தார்கள். எல்லாம் நல்லபடியாக முடிந்த சந்தோஷத்தில் என் மகள் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு குதித்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு இங்க ரொம்பப் பிடிச்சது அதுதான்" என்றார் அந்த அம்மாள். "அம்மாவும் பொண்ணும் சேர்ந்து இவ்ளோ அழகா ஒரு வேலையைச் செஞ்சிருக்காங்க பாருங்க. அந்தப் பொண்ணு அச்சு அசல் அவங்க அம்மா மாதிரியே."

அவள் என் பொண்ணு என்று கத்தியிருக்கலாம். பத்து மாதம் சுமந்தவள் நான், அவள் மூக்கைப் பாருங்கள், என் மூக்கைப் பாருங்கள் என்று காட்டியிருக்கலாம். அந்த நேரத்தில் என் மனசில் இருந்ததை அப்படியே சொல்கிறேன்: ஜெயிக்கக்கூடாது. இவள் இதிலும் ஜெயிக்கக்கூடாது.

"ஆமாம் மேடம்" என்றேன். பைக்குள்ளிருந்து கையை வெறுமனே எடுத்தேன்.

"ஏதோ சொல்ல வந்தீங்களே?"

"ஒண்ணுமில்ல. நல்லபடியா போய்ட்டு வாங்க" என்றேன்.

ஆறு வாரம் கழித்துக் கடிதம் வந்தது. தேர்வானது அந்த மூன்றில் இன்னொரு ஊர். ரயிலில் நாலு மணி நேரம். ஒப்பந்தத்தில் கையெழுத்தும் போட்டாகிவிட்டதாம். மேயர் குழுவையும் துறைக்காரர்களையும் கூப்பிட்டு வைத்துக் கடிதத்தைப் படித்தார். எங்கள் ஊரைப் பற்றி ஆஹா ஓஹோ என்று ஒரு பக்கம் எழுதியிருந்தார்கள். தண்ணீர், பள்ளிக்கூடம், நிலம் எல்லாவற்றிலும் நாங்கள்தான் முதல். 'ஆனால் எங்கள் ஊழியர்களில் பாதிப் பேர் ரயிலில் வருவார்கள். நிலையத்திலிருந்து முப்பது நிமிடத்துக்குள் வர முடியாத இடத்தை எடுத்துக்கொள்ள இயலவில்லை' என்று கடைசிப் பத்தி.

மேயர் கடிதத்தை மேஜையில் போட்டார். "ஏம்மா, பஸ்ஸு விஷயத்தை நீ பார்க்கவே இல்லையா?" என்று என் ஓரகத்தியைக் கேட்டார், அத்தனை பேர் முன்னால். அவள் எழுந்து நின்றாள். நின்றாளே தவிரப் பேசவில்லை. பதினோரு வருடமாக நான் பார்க்க ஏங்கிய காட்சி அது. கண்குளிரப் பார்த்திருக்க வேண்டும். நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று மதியம் பணிமனையில் கட்டையன் என்னைப் பிடித்துக்கொண்டான். ஒன்பதாம் நம்பர் ஓட்டுகிறவன், ஆறடி உயரம், அதனாலேயே கட்டையன். கையில் டீ கிளாஸ்.

"என்னக்கா இது அநியாயம்? நான் தினமும் இருபத்தஞ்சு, இருபத்தாறுல போய் நிக்கிறேன். நாப்பதுன்னு யாரு சொன்னா?"

"பச்சைத் தாள்ல இருக்கே."

"அது சும்மா கொசுறுன்னு உங்களுக்குத் தெரியாதா? உங்ககிட்டதானே தினமும் சொல்றோம், நீங்கதானே எழுதுறீங்க? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"

"என்னை யாருப்பா கேட்டாங்க" என்றேன்.

அவன் டீயைக் குடிக்காமல் என்னையே பார்த்தான். "என் தங்கச்சி பையன் அந்த வேலைக்குத்தான் காத்துக்கிட்டிருந்தான் அக்கா" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு வண்டிக்குப் போய்விட்டான். அதற்கப்புறம் அவன் கடைசி நிறுத்த நேரத்தை என்னிடம் சொல்வதில்லை. ஒரு சீட்டில் எழுதி மேஜையில் வைத்துவிட்டுப் போகிறான்.

இருபத்தாறு நிமிஷ விஷயம் ரெண்டே நாளில் ஊர் முழுக்கப் பரவியது. ஊரே என் ஓரகத்தியைத்தான் வறுத்தெடுத்தது. காரில் போகிறவளுக்குப் பஸ்ஸைப் பற்றி என்ன தெரியும் என்றார்கள். செய்தித்தாளில் ஒருவர் கடிதமே எழுதினார். என்னைப் பற்றி ஒருவரும் ஒரு வரி எழுதவில்லை. என் பெயர்தான் எதிலும் இல்லையே.

மூன்றாவது நாள் மகளுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. அந்த நரை முடி அம்மாள்தான் அனுப்பியிருந்தார். எங்கள் ஊரை வேண்டாம் என்றவர், அவளை வேண்டும் என்றார். தேர்வான ஊரில் வரப்போகும் தலைமை அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை, அடுத்த மாதமே சேர வேண்டும். மகள் கைபேசியை என்னிடம் காட்டவில்லை. மாடியில்தான் முதலில் காட்டியிருக்கிறாள். என் வீட்டுக்காரர் வந்து சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

"போகப்போறியாடி?" என்று கேட்டேன்.

"அன்னைக்கே சொன்னேனேம்மா. தடுக்க மாட்டேன்னு நீயும் சரின்னுதானே சொன்ன?"

நான் சரி என்று சொல்லவே இல்லை. வரும், வரும் என்றுதான் சொன்னேன். ஆனால் எதைச் சொல்லி அவளை நிறுத்துவது? எது இருந்தால் இருந்திருப்பாளோ அது வேறு ஊருக்குப் போய்விட்டது. அலமாரியைத் திறந்து அவள் துணிகளை எடுத்துக் கட்டிலில் வைத்தேன். கை வேலை செய்தது. எனக்கு என்ன செய்கிறோம் என்றே தெரியவில்லை.

கிளம்புவதற்கு முதல் நாள் சாயங்காலம் ஓரகத்தி கீழே வந்தாள். அந்த மூன்று வாரத்தில் ஆளே பாதியாகியிருந்தாள். என் மகள் கட்டிலில் பெட்டியைத் திறந்து வைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள், நான் மடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஓரகத்தி உள்ளே வந்து நின்றாள். சட்டென்று என் ரெண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள்.

"என்னாலதான் அக்கா. நான் மட்டும் ஒழுங்கா பார்த்திருந்தா இவ உங்களை விட்டுப் போகவேண்டியதே இல்ல. உங்க பொண்ண நான் அனுப்பிட்டேன் அக்கா."

"சீ, என்ன பேச்சு இது" என்றேன். என் கையை உருவிக்கொள்ளப் பார்த்தேன், அவள் விடவில்லை.

"ஒரு நாள், ஒரே ஒரு நாள் நான் அந்த பஸ்ல ஏறிப் பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும். அதைவிட்டு உங்ககிட்ட வந்து கேட்டேன் பாருங்க. நீங்க பாவம், ஆபீஸ்ல என்ன இருக்கோ அதைத்தானே சொல்ல முடியும்? வண்டி நிஜமா எத்தனை நிமிஷத்துல போகுதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

எனக்கா தெரியாது? இந்த ஊரில் அதைத் தெரிந்த முதல் ஆள் நான். மூன்று வருடத்து நோட்டு அடுத்த அறையில் பைக்குள் இருக்கிறது. எடுத்து வந்து அவள் முகத்துக்கு நேரே விரித்துக் காட்ட வேண்டும் போல ஆத்திரம் வந்தது. ஒன்றும் தெரியாதவள் என்று அவள் என்னை மன்னிக்கிறாளே! நோட்டை எடுத்தால் என் கெட்டிக்காரத்தனம் தெரியும். மற்றதும் தெரிந்துவிடும். என் மகள் கையில் மடித்த துணியோடு எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மாவுக்கு எப்படித் தெரியும் சித்தி?" என்றாள். "அவங்க டேபிள்ல உட்கார்ந்து வேலை பார்க்கிறவங்க. நீங்க அழாதீங்க."

ஓரகத்தி விடுவதாக இல்லை. "நீங்க திட்டுங்க அக்கா. ஊரே திட்டுது, நீங்க ஒரு வார்த்தை கேக்கல. அதுதான் எனக்குத் தாங்கல."

"நடந்தது நடந்துபோச்சு" என்றேன். என் குரல் எனக்கே நல்லவள் குரலாகக் கேட்டது. "யாரா இருந்தாலும் தப்பு வர்றதுதான். உன்மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல. போய் முகத்தைக் கழுவு."

அவள் என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு இன்னும் அழுதாள். நான் அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தேன். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு மாடியேறிப் போனாள்.

என் மகள் துணியைக் கீழே வைத்தாள். கதவு வரைக்கும் போய் சித்தி போய்விட்டாளா என்று பார்த்தாள். திரும்பி வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். என் தோளில் தாடையை வைத்தாள்.

"உனக்கு எவ்ளோ பெரிய மனசும்மா" என்றாள். "இத்தனை நாள் நான் உன்னைப் புரிஞ்சுக்கவே இல்ல."

நான் அவளை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். மறுநாள் காலை ஏழு மணிக்கு அவளுக்கு ரயில். அதுவரைக்கும் சொல்லவில்லை. இன்னும் சொல்லவில்லை.